75 சதவீதம் வரவில்லை, அப்பாவை அழைத்து வரச் சொல்கிறார்கள்

2025 பிப்ரவரி 3 – இணைய இழையில் வந்த கேள்வி

என் தம்பி அரசு மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் முதலாண்டு படிக்கிறான். அரசுப் பள்ளி, தமிழ் வழி. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தது. இப்போது அனாடமி தியரியில் வருகை 71 சதவீதம். முதல் இன்டர்னலில் நூற்றுக்கு 34. துறைத் தலைவர் (ஹெச்ஓடி) அப்பாவை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. போனால் அன்றைய கூலி போச்சு, அங்கே போய் என்ன பேசுவது என்றும் அவருக்குத் தெரியாது. மூன்று கேள்விகள். பரீட்சை எழுத விட மாட்டார்களா? அபராதம் கட்டினால் சரியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா? அவனுக்கு மென்டார் என்று ஒருவரைப் போட்டிருக்கிறார்களாம், அவரிடம் மனம் விட்டுச் சொல்லலாமா?

2025 பிப்ரவரி 4, காலை

நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் பிசியாலஜி நடத்துபவள். வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை வைக்கிற பக்கத்து ஆள் என்பதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

விதி சுருக்கமானது. தியரியில் 75 சதவீதம், பிராக்டிகலில் 80. இது தேசிய மருத்துவ ஆணையம் (என்எம்சி) வைத்தது. டீன் நினைத்தாலும் குறைக்க முடியாது. அதோடு இன்டர்னலில் தியரியும் பிராக்டிகலும் சேர்ந்து 50 சதவீதம் வேண்டும், தனித்தனியாக 40க்குக் குறையக் கூடாது. எது குறைந்தாலும் யுனிவர்சிட்டி தேர்வுக்கு உட்கார முடியாது.

ஆனால் இப்போது பிப்ரவரிதான். 71 ஒன்றும் கை மீறிய எண் அல்ல. இதுவரை 100 வகுப்பு நடந்து 71 வந்திருந்தால், அடுத்த 16 வகுப்புக்கு விடாமல் போனால் 116க்கு 87, சரியாக 75. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுத் தம்பியிடம் கொடுங்கள். 'நல்லா படி' என்று பொதுவாகச் சொல்வதைவிட 'பதினாறு வகுப்பு' என்று சொன்னால் அவனுக்கு ஒரு பிடி கிடைக்கும். 34 மார்க்கும் ஒரு தேர்வின் மார்க்தான், அடுத்த இன்டர்னல்கள் இருக்கின்றன.

அபராத விஷயம் பாதி உண்மை. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பல படிப்புகளுக்கான விதிகளில் கண்டொனேஷன் என்று ஒன்று இருக்கிறது. குறைந்த வருகையை அதிகபட்சம் 10 சதவீதம் வரை மன்னிக்கலாம். அதற்குக் காரணம் வேண்டும்: நோய், விபத்து, வீட்டில் எதிர்பாராத துயரம், என்சிசி, என்எஸ்எஸ் மாதிரி வேலைக்குப் போனது. பணம் அந்த விண்ணப்பத்தோடு போவது. காரணம் இல்லாதவனிடம் பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள் என்று சீனியர்கள் சொன்னால் நம்ப வேண்டாம். எம்பிபிஎஸ்ஸில் இதை நம்பி உட்காரவே கூடாது.

மென்டார் கேள்விக்குத் தனியாக எழுத வேண்டும். எட்டு மணி வகுப்புக்கு நேரமாகிறது. நானே லேட்டாகப் போனால் நன்றாக இருக்காது.

2025 பிப்ரவரி 4, இரவு

மென்டார்.

ஒவ்வொரு ஆசிரியருக்கும் சில மாணவர்களைப் பிரித்துக் கொடுத்து, மாதம் ஒரு முறை சந்தித்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதலாண்டு மாணவனுக்கு மென்டாராகப் பெரும்பாலும் யாரைப் போடுகிறார்கள்? அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி ஆட்களை. அதாவது அவனுக்கு இன்டர்னல் மார்க் போடுகிற ஆட்களை. என்னிடம் வந்து "மேடம், உங்கள் வகுப்பு எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை" என்று எந்தப் பிள்ளை சொல்லும்? சொன்னால் அடுத்த வாரம் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அந்த முகத்தைப் பார்க்கும்போது அது என் நினைவுக்கு வராது என்று நான் சத்தியம் செய்ய முடியுமா?

என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். 'குறைகள்' என்ற கட்டத்தில் கிட்டத்தட்ட எல்லாப் பக்கத்திலும் 'ஒன்றுமில்லை'. சிலவற்றில் 'மெஸ் சாப்பாடு'. மெஸ் மட்டும்தான் எனக்குக் கீழ் வராத விஷயம், அதனால் அதை மட்டும் தைரியமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் எல்சிஎம்இ இதை விதியாகவே வைத்திருக்கிறது. படிப்பு பற்றி ஆலோசனை கேட்க, தன் மார்க்கையும் தேர்ச்சியையும் முடிவு செய்வதில் பங்கில்லாத ஒருவரிடம் போக மாணவனுக்கு வழி இருக்க வேண்டும். உடம்புக்கோ மனதுக்கோ வைத்தியம் பார்த்தவர் அந்த மாணவனுக்கு மார்க் போடும் இடத்தில் இருக்கக் கூடாது. அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. பயம் எங்கே இருக்கிறது என்று விதி எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: மென்டார் அனாடமி ஆசிரியராக இருந்தால், பாடம் புரியவில்லை என்பதை மட்டும் சொல்லட்டும், எந்தப் பகுதி என்று குறிப்பாக. வேறு துறை ஆளாக இருந்தால் முழுவதையும் சொல்லலாம்.

2025 பிப்ரவரி 5

"எங்கள் கல்லூரியில் மென்டார் கூட்டம் என்றால் போட்டோ எடுத்து, சமோசா கொடுத்து அனுப்பிவிடுவார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சமோசா கொடுத்தார்களா! எங்களிடம் போட்டோ மட்டும்தான்.

2025 பிப்ரவரி 9

அந்தப் பதினாறு வகுப்புக் கணக்கை எழுதியதிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஒரு பையன் முதல் மாதத்தில் 20 வகுப்பில் 12க்கு வருகிறான். 60 சதவீதம். அன்றைக்கே யாராவது கூப்பிட்டுச் சொன்னால், அடுத்த 12 வகுப்பு தொடர்ந்து வந்து 75க்கு ஏறிவிடலாம். அதே 60 சதவீதத்தை 100 வகுப்பு முடிந்தபின் கண்டுபிடித்தால்? தொடர்ந்து 60 வகுப்பு வர வேண்டும். ஒரு காய்ச்சல் கூட வரக் கூடாது. எண் ஒன்றேதான், சொல்கிற நாள்தான் வேறு.

நாம் எப்போது சொல்கிறோம்? தேர்வுக்கு முன்னால் நோட்டீஸ் போர்டில் ரோல் நம்பர் பட்டியல் ஒட்டும்போது. நடுவில் ஒட்டுகிற பட்டியல்களும் 'எச்சரிக்கை' என்றுதான் தொடங்குகின்றன, 'என்ன ஆச்சு?' என்று தொடங்கிய ஒரு பட்டியலை நான் பார்த்ததில்லை. வருகைப் பதிவு எங்கள் கையில் முதல் வாரத்திலிருந்தே இருக்கிறது. வார்டில் நர்ஸ் எழுதுகிற காய்ச்சல் சார்ட் மாதிரி தினமும் பார்க்க வேண்டிய காகிதம் அது. நாங்கள் அதை டிஸ்சார்ஜ் அன்றுதான் எடுத்துப் பார்க்கிறோம்.

2025 பிப்ரவரி 12

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். அப்பா போனாராம். ஒன்றரை மணி நேரம் வராந்தாவில் நின்றாராம். பிறகு ஒரு பதிவேட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்களாம். "பையன் ஒழுங்காக வருவான் என்று உறுதி கூறுகிறேன்." முடிந்தது.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, ஆச்சரியம் வரவில்லை. அந்த மாதிரிப் பதிவேடு பல துறைகளில் உண்டு. பிள்ளை ஏன் வரவில்லை என்று அதில் கட்டமே கிடையாது.

அண்ணன்காரர் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறார். தம்பியிடம் தானே உட்கார்ந்து கேட்டிருக்கிறார். வந்த பதில்: எட்டு மணி லெக்சரில் ஆங்கிலம் ஓடுகிற வேகத்துக்கு எதுவும் ஏறவில்லை. அதனால் ஹாஸ்டல் அறையிலேயே இருந்து யூடியூபில் அதே பாடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறான். ஊர் சுற்றவில்லை, தூங்கவில்லை. படிப்பதற்காகத்தான் வகுப்பை வெட்டியிருக்கிறான்!

ஒழுங்கு நடவடிக்கைப் பதிவேட்டில் ஏறியிருக்கிற ஒரு படிப்புப் பிரச்சினை இது. இரண்டையும் ஒரே மேசையில், ஒரே மனிதர், ஒரே குரலில் விசாரித்தால் வேறென்ன நடக்கும்.

2025 பிப்ரவரி 13

"முதல் வருஷம் பெயிலானால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள்" என்று எழுதியவருக்கு: இல்லை. முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு முயற்சிகள் உண்டு, சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது ஆண்டுக்குள் படிப்பை முடிக்க வேண்டும். 2023 ஒழுங்குமுறையில் இருக்கிறது. தவறினால் உடனே சப்ளிமென்டரி. அதில் தேறினால் கூடப் படித்தவர்களோடே இரண்டாம் ஆண்டு போகலாம். ஏற்கெனவே பயந்து போயிருக்கிற வீட்டில் இப்படி எண்ணெய் ஊற்றாதீர்கள்.

2025 பிப்ரவரி 16

தமிழ் வழிப் பிள்ளைகள் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு 2020இல் சட்டம் வந்தது, அந்த ஆண்டு சேர்க்கையிலேயே நடைமுறைக்கு வந்தது. கட்டணத்தை அரசு ஏற்றுக்கொண்டது. அதுவரை அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். சேர்க்கும் கதவு திறந்தது பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. உள்ளே வந்த பிறகு என்ன என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டது.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். நோட்டின் இடது ஓரத்தில் அரை அங்குலம் கோடு போட்டு விட்டிருப்பாள். வலப்பக்கம் ஆங்கிலக் குறிப்பு, அந்த ஓரத்தில் உச்சரிப்பு மட்டும் தமிழில்: ஸ்டெர்னோ–க்ளைடோ–மாஸ்டாய்டு (கழுத்துத் தசை ஒன்றின் பெயர்), நடுவில் சிறு கோடு போட்டுப் பிரித்து. பிணத்தை அறுத்துப் படிக்கும் டிஸெக்ஷன் ஹாலில் பாடியைப் பார்த்தபடி, பார்மலின் வாடையில் கண்ணில் நீர் வழிய, உதடு மட்டும் அசைய அதைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். வைவாவில் முதல் முறை வாயே திறக்கவில்லை. 'தமிழில் சொல்லும்மா' என்றதும் தசை எங்கே தொடங்கி எங்கே ஒட்டுகிறது, எந்த நரம்பு, தலையை எந்தப் பக்கம் திருப்பும் என்று மளமளவென்று கொட்டினாள். எந்தப் பக்கம் திருப்பும் என்பதில் ஆங்கில வழிப் பிள்ளைகளே தடுமாறுவார்கள். வலது தசை முகத்தை இடப்பக்கம் திருப்பும். அவள் தன் கழுத்தில் கை வைத்துத் திருப்பிக் காட்டினாள்.

அப்படித் தமிழில் கேட்கலாமா கூடாதா என்பது இன்றும் அந்தந்த ஆசிரியரின் மனசு. யாரும் எழுதி வைக்கவில்லை. இன்டர்னல் வைவாவில் முதலாண்டு வரைக்கும் தமிழில் பதில் சொல்லலாம், கலைச்சொல் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும் என்று கல்லூரி ஒரு வரி சுற்றறிக்கை விட்டால் போதும். காசு செலவில்லை.

2025 மார்ச் 2

"மொழியில் தடுமாறுகிறவர்களுக்குத்தானே ஃபவுண்டேஷன் கோர்ஸ் என்ற தொடக்கப் பயிற்சி இருக்கிறது?" நியாயமான கேள்வி. 2019இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது முதல் மாதத்தையே அதற்கு ஒதுக்கினார்கள். மொத்தம் 175 மணி நேரம், அதில் மொழிக்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து 40. திட்டமிட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'ஸ்டெர்னம்' (நெஞ்செலும்பு) என்ற சொல்லையே கேட்காத நிலையில் முதல் மாதம் கற்றுக்கொடுக்கிற பொது ஆங்கிலம், மூன்றாம் மாதம் பிரேக்கியல் பிளெக்ஸஸ் (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) நடத்தும்போது எங்கே உதவப் போகிறது? உதவி தேவைப்படுவது பாடம் ஓட ஆரம்பித்த பிறகு, மாலை ஐந்து மணிக்கு, காலையில் நடந்த அதே பாடத்தை மெதுவாகத் திரும்பச் சொல்ல ஒரு ஆள். சில கல்லூரிகளில் பிஜி (மேற்படிப்பு) மாணவர்கள் தாங்களாகவே இதைச் செய்கிறார்கள். அவர்களுக்கு அது டியூட்டியில் சேராது.

2025 மார்ச் 5

இழை எங்கே போகிறது பாருங்கள். ஒருவர் "அந்தக் காலத்தில் சீனியர்கள்தான் பாடம் சொல்லித் தந்தார்கள், ராகிங் சட்டம் போட்டு அந்த உறவைக் கெடுத்துவிட்டார்கள்" என்று எழுத, நாலு பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள்.

1996 நவம்பரில் சிதம்பரத்தில் என்ன நடந்தது என்று இந்த நாலு பேருக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். முதலாண்டு எம்பிபிஎஸ் மாணவர் நாவரசுவை ராகிங்கில் ஒரு சீனியர் கொன்றார். அந்தக் கொலைக்குப் பிறகு 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், தண்டனை பெற்றால் கல்லூரியிலிருந்து நீக்கம். 2009இல் இமாச்சலப் பிரதேசத்தில் தாண்டா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் அமன் கச்ரூ ராகிங்கில் இறந்தார். அதற்குப் பிறகுதான் யுஜிசி ஒழுங்குமுறை, பெற்றோரும் மாணவரும் தரும் உறுதிமொழி, 1800-180-5522 என்ற உதவி எண் எல்லாம் வந்தன. மருத்துவக் கல்லூரிகளுக்கென்று என்எம்சி 2021இல் தனி ஒழுங்குமுறை போட்டது. இரண்டு சாவும் நடந்தது மருத்துவக் கல்லூரிகளில் என்பதைக் கவனியுங்கள். உறவு கெட்டதாம்.

2025 மார்ச் 6

நேற்று சூடாக எழுதிவிட்டுப் படுத்தேன். எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றப் போவதில்லை. ஆனால் அந்த வாதத்துக்குள் ஒரு உண்மைத் துணுக்கு இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுப் போனால் நியாயமில்லை.

முதலாண்டு மாணவர்களைத் தனி ஹாஸ்டல் பிளாக்கில் வைக்க வேண்டும் என்பது விதி. சரியான விதி. ஆனால் எந்த ஆசிரியர் எதைக் கேட்பார், எந்தப் புத்தகத்தில் எந்த அத்தியாயத்தை விடலாம், லாக்புக்கில் கையெழுத்து வாங்க யாரிடம் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் சீனியர் வழியாக மட்டுமே வருகிற அறிவு. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு அது சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடும். சூளைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது, அதையும் சுவர் வைத்து மறித்தாயிற்று. சுவர் இருக்கட்டும். அதற்குப் பதிலாக, பகலில், நூலகத்தில், ஆசிரியர் ஒருவர் கண் பார்வையில் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் முதலாண்டுக்குப் பாடம் சொல்லும் நேரம் ஒன்றைக் கால அட்டவணையிலேயே போட வேண்டும். சுவரை வைத்தவர்கள் கதவு வைக்க மறந்துவிட்டார்கள்.

2025 மார்ச் 9

தனி மடலில் ஒரு மாணவி கேட்டது. பெயர் விவரம் தர மாட்டேன். கவுன்சலிங் போக வேண்டும், ஆனால் கல்லூரியில் கவுன்சலிங் செய்பவர்கள் சொந்த சைக்கியாட்ரி துறை ஆசிரியர்கள், நாளைக்கு அங்கேயே போஸ்டிங் போக வேண்டும், என்ன செய்வது என்கிறாள். மறுபடியும் அதே முடிச்சு.

மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி என்எம்சி அமைத்த தேசியப் பணிக்குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. இளநிலை மாணவர்கள் மட்டும் 25,590 பேர் இணையக் கணக்கெடுப்பில் பதில் சொன்னார்கள். 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு கண்டறியப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள்; 16.2 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் வந்ததாக. விரும்பியவர்கள் பதில் சொன்ன கணக்கெடுப்பு என்பதால் அந்த எண்ணை அப்படியே எல்லோர் தலையிலும் பொருத்தக் கூடாது. தற்கொலை எண்ணம் வந்தவர்கள் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் என் 150 பேர் வகுப்பில் பன்னிரண்டு பேர் வருகிறார்கள்.

அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இருபத்துநான்கு மணி நேரமும், தமிழிலும் பேசலாம். கல்லூரிக்குத் தகவல் போகாது. நேரில் பார்க்க வேண்டுமென்றால் வேறு மருத்துவமனைக்குப் போவதில் ஒரு வெட்கமும் வேண்டாம். தமிழக அரசு 2022இல் மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்று மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது. அது உயிரோட்டமாக நடக்கிற இடத்தில் சக மாணவர்களிடம் முதலில் பேசலாம். உயிருக்கே ஆபத்தான எண்ணம் என்றால் எந்தக் கணக்கும் பார்க்காமல் பக்கத்தில் இருக்கிற டாக்டரிடம் போ, அவர் உனக்கு மார்க் போடுபவராக இருந்தாலும்.

2025 மார்ச் 15

பார்மசிக்காரர் ஒருவர் "உங்களுக்காவது 75, எங்களுக்கு 80" என்கிறார். அது மட்டுமா, பி.பார்ம் இன்டர்னலில் வருகைக்கே மார்க் உண்டு. தியரியில் 95இலிருந்து 100 வரை வந்தால் 4 மார்க், 80இலிருந்து 84 வரை 1 மார்க். நாற்காலியில் உட்கார்ந்ததற்கு மார்க்! பின் பெஞ்சில் தூங்கினாலும் நாலு நாலுதான்.

நர்ஸிங் இன்னும் கறார். தேர்வுக்கு 80 சதவீதம் போதும், ஆனால் பட்டம் கையில் வர வேண்டுமென்றால் கிளினிக்கல் நேரம் நூறு சதவீதம். விட்ட டியூட்டியை ஈடுகட்டியே ஆக வேண்டும். இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. படுக்கையில் இருப்பவருக்கு ஊசி போடப் போகிறவர் முழு நேரமும் வார்டில் நின்றிருக்க வேண்டும் என்பது நியாயம். அதில் எனக்குப் பிடித்தது, விட்டதைச் செய்து முடிக்க வழி திறந்திருக்கிறது. எங்கள் 75இல் அப்படி இல்லை. போன லெக்சர் போனதுதான். மாலை வகுப்புக்கு வந்து ஈடுகட்டுகிறேன் என்று ஒரு பையன் கேட்டால், அவனைச் சேர்த்துக்கொள்ளப் பதிவேட்டில் ஒரு பத்தி கிடையாது.

2025 மார்ச் 30

ஒரு இளம் ஆசிரியர் என்னை மடக்கியிருக்கிறார். "மார்க் போடாத மென்டார் வேண்டும் என்கிறீர்கள். ஆளே பாதி இல்லை, யாரை வைத்து?"

புது ஆள் தேவையில்லை. மாற்றிப் போட்டால் போதும். முதலாண்டுக்கு சர்ஜரி, எலும்பு முறிவு, கண் துறை ஆட்கள் மென்டார். அவர்கள் மார்க் போடுகிற காலம் வருவதற்கு இன்னும் ஆண்டுகள் இருக்கின்றன, அதற்குள் மென்டார் மாறிவிடுவார். கடைசி ஆண்டுக்கு நாங்கள், அதாவது பிசியாலஜி, அனாடமி, பயோகெமிஸ்ட்ரி. எங்களால் அவர்களை இனி ஒன்றும் செய்ய முடியாது, அதனால் தைரியமாகப் பேசுவார்கள். சர்ஜன்கள் தியேட்டரை விட்டு வருவார்களா என்பது வேறு கேள்வி. வாரம் ஒரு மணி நேரம் வேண்டாம், மாதம் ஒரு மணி நேரம். வருகை 75க்குக் கீழே போன பிள்ளையின் பெயர் அந்த வாரமே அவர் போனுக்கு வரட்டும், ஹெச்ஓடிக்குப் பிறகு போகட்டும். அப்பாவை வரவழைப்பது கடைசி.

இதை ஒரு பக்கத்தில் எழுதி எங்கள் கல்லூரிக் கவுன்சிலில் வைத்தேன். யாரும் எதிர்க்கவில்லை. என்எம்சி ஆய்வுக்கு வருபவர்களிடம் எந்தப் பதிவேட்டைக் காட்டுவது, பழையதா புதியதா என்று ஒருவர் கேட்டார். இரண்டையும் காட்டலாமே என்றேன். அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள், தேதி சொல்லவில்லை.